மிக்-21, ஜாகுவார், ஹாக் ஒரே ஷெல்ஃபில்: எதற்கு மேட், எதற்குப் பளபளப்பு?

காகிதப்பருந்து | வொயிட்ஃபீல்ட், பெங்களூரு | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் நாட்களில் விட்டுப்போன பிளாஸ்டிக் விமான மாடல் கிட் வேலையை மறுபடி தொட்டிருக்கிறேன். நம் விமானப்படையின் மூன்று விமானங்களை 1/72 அளவில் (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசை. பெயின்ட் அடிக்காத வெறும் உலோகத்தில் மிக்-21, பச்சையும் சாம்பலுமாக ஜாகுவார், சிவப்பு வெள்ளையில் சூர்யகிரண் ஹாக்.

கிட் தாளில் ஹம்பரால் கம்பெனியின் பெயின்ட் எண்கள்தான் போட்டிருக்கிறது. எனக்குக் கைக்கு எட்டுவது டமியா, வாலெஹோ, கொஞ்சம் மிஸ்டர் கலர். இணையத்தில் மூன்று ஒப்பீட்டு அட்டவணை பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. போதாக்குறைக்கு ஒரு பாட்டில் மேட் (மினுக்கமே இல்லாதது), இன்னொன்று சாட்டின் (அரைப் பளபளப்பு), ஒன்று பளபளப்பு. நிறம் பொருந்தினால் ஃபினிஷ் பொருந்தவில்லை, ஃபினிஷ் பொருந்தினால் நிறம் பொருந்தவில்லை. எதை முதலில் பிடிப்பது? ஏர்பிரஷ் இருக்கிறது, சின்ன கம்ப்ரசரும் இருக்கிறது.

தின்னர்_வாசம் | ஜே.சி. ரோடு பக்கம் | சனி, இரவு 10:25

தம்பி, ஃபினிஷைப் பிடியுங்கள். நிறம் அப்புறம்.

கார் பெயின்ட் கலக்கும் கடைகளில் பல வருஷம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். பளபளப்பு ஒன்றாக இல்லாத இரண்டு பரப்பை வைத்துக்கொண்டு நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே வீண் வேலை. ஒரே டப்பாவில் எடுத்த பச்சையை இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடியுங்கள். ஒன்றின் மேல் பளபளப்புக் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு), மற்றதன் மேல் மேட் கிளியர். காய்ந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பெயின்ட் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மேட் அடித்தது வெளிறிப்போய், லேசாகச் சாம்பல் ஏறித் தெரியும். மழையில் நனைந்த தார் ரோடு கன்னங்கரேல் என்று இருக்கும், காய்ந்தால் சாம்பல் ஆகிவிடும். தாரின் நிறமா மாறியது?

எந்தப் பெயின்ட் பரப்பிலும் மேல்தோலில் பட்ட உடனேயே சுமார் நான்கு சதவீத வெளிச்சம் நிறத்தைத் தொடாமலே திரும்பிவிடும். பரப்பு வழவழப்பாக இருந்தால் அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் போகும். நீங்கள் அந்தத் திசையில் நிற்காதவரை அது உங்கள் கண்ணுக்கு வராது, பெயின்டின் அசல் நிறம் மட்டும் தெரியும். மேட் பரப்பில் அதே வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் நிறத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை கலந்தேதான் வரும். அதனால்தான் அடர்ந்த நிறங்கள் அதிகம் அடிபடுகின்றன. கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் எல்லாம் ஃபினிஷ் மாறினால் ஆளே மாறிவிடும். வெள்ளையிலும் இளஞ்சாம்பலிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஆக, உங்கள் அட்டவணைகள் மூன்றும் மூன்று விதமாகச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ஒருவர் பளபளப்பாகப் பார்த்திருப்பார், ஒருவர் மேட்டாகப் பார்த்திருப்பார், மூன்றாமவர் மானிட்டரில் பார்த்திருப்பார்.

எழுபத்திரண்டில்_ஒன்று | மல்லேஸ்வரம் | சனி, இரவு 11:58

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிறத் தரப்பட்டியல் போட்டவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் எஃப்.எஸ். 595 எண்ணில் முதல் இலக்கமே ஃபினிஷ்தான். 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மேட். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம். பச்சைக்கு 4, நீலத்துக்கு 5, சாம்பலுக்கு 6. 36375 என்று பார்த்தால் மேட் சாம்பல் என்று படித்துக்கொள்ளலாம். முதல் இலக்கம் மட்டும் மாறி வந்தால் நிறம் அதே, ஃபினிஷ்தான் வேறு.

பிரிட்டிஷ் பி.எஸ். 381சி பட்டியலில் அந்த வசதி இல்லை, வெறும் நிற எண் மட்டும். ஜாகுவார் பிரிட்டனிலிருந்து வந்தது, 1979-ல் நம் படையில் சேர்ந்தது. அதன் பச்சை-சாம்பல் வேஷமும் அந்த ஊர்ப் பட்டியலை ஒட்டியதுதான். 641 டார்க் கிரீன், 638 டார்க் சீ கிரே. மிஸ்டர் கலரில் இவற்றுக்கு நேரான பாட்டில்கள் 330, 331. ஹம்பராலில் 163, 164. இந்த ஹம்பரால் இரண்டும் சாட்டின் என்பதைக் கவனியுங்கள், ஜாகுவாருக்கு அது ஒரு நல்ல துப்பு. டமியாவில் சாம்பலுக்கு எக்ஸ்.எஃப்-54, பச்சைக்கு எக்ஸ்.எஃப்-81. டமியாவில் எக்ஸ்.எஃப் என்று தொடங்கினால் மேட், வெறும் எக்ஸ் என்றால் பெரும்பாலும் பளபளப்பு.

நம் ஊருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஐ.எஸ். 5. அதில் 631 லைட் கிரே, 632 டார்க் அட்மிரால்டி கிரே, 537 சிக்னல் ரெட். இங்கே பெயின்ட் கடையில் ஆங்கிலப் பெயர் சொன்னால் விழிப்பார்கள், எண்ணைச் சொன்னால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். ஆனால் விமானப்படை எந்தெந்த விமானத்துக்கு எந்தெந்த எண் பயன்படுத்தியது என்று இதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நிற அட்டையாக மட்டும் கையில் இருக்கட்டும்.

காகிதப்பருந்து | ஞாயிறு, காலை 8:15

அருமை. அப்படியென்றால் மேட் வேண்டுமென்றால் மேட் பாட்டில், சாட்டின் வேண்டுமென்றால் சாட்டின் பாட்டில் என்றுதான் தேடி வாங்க வேண்டுமா? பர்ஸ் தாங்காதே.

வெள்ளித்தாள் | ஜெயநகர் | ஞாயிறு, காலை 9:02

தேவையே இல்லை. பாட்டிலின் ஃபினிஷ் வேலை நடக்கும்போது மட்டும்தான் கணக்கு. கடைசியாகப் போர்த்தும் கிளியர்தான் மொத்த ஃபினிஷையும் தீர்மானிக்கும். மேட் பச்சை, சாட்டின் சாம்பல், பளபளப்பு வெள்ளை என்று எதை அடித்திருந்தாலும் மேலே ஒரே சாட்டின் கிளியர் போனால் எல்லாம் சாட்டின். மூன்று நல்ல கிளியர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும். டமியாவில் பளபளப்புக்கு எக்ஸ்-22, அரைப் பளபளப்புக்கு எக்ஸ்-35, மேட்டுக்கு எக்ஸ்.எஃப்-86.

ஆனால் ஒன்று. மேட் வேண்டும் என்பதற்காக நேராக மேட்டில் முடித்துவிடக் கூடாது. நடுவே ஒரு பளபளப்புக் கட்டம் கண்டிப்பாக வேண்டும், டீக்காலுக்காக, அதாவது மேலே ஒட்டுகிற சின்னங்களுக்காக. மேட் பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். டீக்கால் படலம் மேடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும், அடியில் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காய்ந்த பிறகு வெள்ளி பூத்தாற்போல ஒரு ஓரம் மின்னும். நம் விமானப்படை வட்டச் சின்னத்தில் வெள்ளை வளையமும் இருக்கிறது, வெளியே ஒட்டுப் படலமும் இருக்கிறது. கரும்பச்சை மேல் அது ஸ்டிக்கர் மாதிரி தெரிந்தால் பார்க்கவே சங்கடம். பெயின்ட், பளபளப்புக் கிளியர், டீக்கால், மறுபடி மெல்லிசாகப் பளபளப்பு, கடைசியில் உங்களுக்கு வேண்டிய ஃபினிஷ். இந்த வரிசையில் எதையும் தாண்ட வேண்டாம்.

மெட்ராஸ்_ஹியூமிடிட்டி | வேளச்சேரி | ஞாயிறு, காலை 11:30

பெங்களூருக்காரர்கள் ரொம்பச் சுலபமாகப் பேசுகிறீர்கள். இங்கே மேட் கிளியர் அடித்தால் விமானம் மார்கழிப் பனியில் நின்றது போல ஆகிவிடுகிறது. பூசணம் பூத்த மாதிரி வெள்ளை.

தின்னர்_வாசம் | ஞாயிறு, பகல் 12:10

அங்கே மட்டும் என்ன, ஜூன் முதல் அக்டோபர் வரை மழைச் சாயந்திரங்களில் இங்கேயும் அதே கதைதான்.

வெள்ளை பூப்பதற்கு இரண்டு காரணம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று ஈரம். லாக்கர் வகைப் பெயின்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிகிறது. பெயின்ட் காய்வதற்குள் அது சிக்கிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் போட்டால் பாதிப் பிரச்னை தீரும். மிஸ்டர் கலரின் லெவலிங் தின்னர் அதற்கென்றே வந்தது. ஏற்கெனவே பூத்துவிட்டதா, காற்று உலர்ந்த நாளில் அதே லெவலிங் தின்னரை மட்டும் மிக லேசாக ஒரு தூவல் தூவுங்கள். பெயின்ட் மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னொன்று மேட் பொடி. மேட் கிளியர் மேட்டாக இருப்பதற்கே காரணம் அதில் இருக்கிற நுண்ணிய சிலிக்கா மாதிரிப் பொடி. பாட்டில் அடியில் தங்கிய பொடியைச் சரியாகக் குலுக்காமல் எடுத்தால் முதல் நாள் பளபளப்பு வரும், கடைசி நாள் சுண்ணாம்பு வரும். தடியாக அடித்தாலும் சுண்ணாம்புதான். டமியாவில் எக்ஸ்-21 என்று ஒரு ஃப்ளாட் பேஸ் உண்டு. அது வெறும் மேட் பொடிக் குழம்பு, கிளியரோடு கலப்பதற்கு. தனியாக அதை மட்டும் அடித்துவிட்டு வெள்ளையாகிவிட்டது என்று யாராவது புலம்பினால் ஆச்சரியப்படாதீர்கள்.

பொடி வெள்ளைக்குத் தின்னர் தூவினால் ஒன்றும் ஆகாது. அதன் மேல் மெல்லிய பளபளப்புக் கிளியர் அடித்து மூடிவிட்டு, மறுபடி மெல்லிசாக மேட்.

பால்சா_பாலு | ஜக்கூர் | ஞாயிறு, பகல் 2:45

நீங்கள் எல்லாரும் ஷெல்ஃபில் நிற்கிற விமானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், பறக்கிற மாடலுக்கும் ஒரு வார்த்தை. அதன் குட்டி க்ளோ எஞ்சினின் எரிபொருளில் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் இருக்கும். புகைக்குழாய் கக்குகிற எச்சம் பட்டால் சாதாரண அக்ரிலிக் கிளியர் பிசுபிசுத்து வழிந்துவிடும். எரிபொருள் தாங்கும் கிளியர் வேண்டும், கார்க்காரர்கள் ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் தாங்கும். எடை வேறு கவலை. பளபளப்புக்காக ஐந்து கோட் ஏற்றினால் வால் பக்கம் கனத்து, மூக்கில் ஈயம் வைக்க வேண்டிவரும்.

தெர்மகோல் விமானம் செய்கிற பசங்களுக்கு ஒரே எச்சரிக்கை. கடை ஸ்ப்ரே டின்னை நேராக அடித்தால் தெர்மகோல் உருகி ஓட்டை விழும். தண்ணீர் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் பூசுங்கள்.

தின்னர்_வாசம் | ஞாயிறு, மாலை 4:05

பாலு சொன்ன டூ-கே கிளியரைப் பற்றி ஒரு விஷயம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க், கோவிட் காலத்து மாஸ்க் எதுவும் அதற்கு ஆகாது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் இழுப்பு வரும். கார் ஷெட்களில் வேலை செய்கிற பையன்கள் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஃபிளாட்டில், பால்கனியில், குழந்தைகள் இருக்கிற வீட்டில் டூ-கே வேண்டவே வேண்டாம். சாதாரண லாக்கருக்கே கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கும் வெளியே காற்றைத் தள்ளுகிற ஃபேனும் வேண்டும்.

காகிதப்பருந்து | ஞாயிறு, இரவு 8:20

குறித்துக்கொண்டேன். இப்போது மூன்று விமானத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஹாக் பளபளப்பு என்று புரிகிறது. ஜாகுவார் சாட்டினா மேட்டா? மிக்-21-க்கு வெறும் வெள்ளி பெயின்ட் போதுமா? இன்னொன்று, எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) மியூசியம் போய் அசலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

எழுபத்திரண்டில்_ஒன்று | ஞாயிறு, இரவு 10:47

மியூசியத்துக்குக் கட்டாயம் போங்கள். பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17-ல் இதே ஊரில் முதலில் பறந்த மாருத் போர் விமானம் அங்கே நிற்கிறது, மிக்-21-ம் இருக்கிறது. கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்திலும் ஒரு மாருத் இருக்கிறது. பேனல் கோடு, ரிவெட் வரிசை, சக்கரக் குழி, ஏணி, மூடிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் போய்ப் படம் பிடியுங்கள்.

நிறத்துக்கும் ஃபினிஷுக்கும் மட்டும் அதைச் சாட்சியாக வைக்காதீர்கள். எந்த ஊரானாலும், பறப்பதை நிறுத்திக் காட்சிக்கு வைத்த விமானத்துக்கு அவ்வப்போது பெயின்ட் அடிப்பார்கள். வெயில் மழைக்குத் தாங்க வேண்டும் என்று கையில் கிடைக்கிற எனாமலைப் பளபளப்பாக அடிப்பது வழக்கம். சண்டையில் நின்ற காலத்தில் அது அப்படி இருந்திருக்காது. பணியில் இருந்தபோது எடுத்த படங்களைத் தேடுங்கள். நிறத்தை விடுங்கள், போட்டோவில் நிறம் பொய் சொல்லும், பளபளப்பு பொய் சொல்லாது. இறக்கையின் மேல் சூரியன் ஒரு கூர்மையான புள்ளியாகத் தெரிகிறதா, பரவலான வெளிச்சப் பட்டையாகத் தெரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பாருங்கள். புள்ளி என்றால் பளபளப்பு, பட்டை என்றால் சாட்டின், ஒன்றும் இல்லை என்றால் மேட். விமானத்தின் வயிற்றில் ரன்வேயின் நிழலுருவம் லேசாகத் தெரிந்தால் மேட் இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எலஹங்கா ஏரோ இந்தியாவில் எடுத்த படங்கள் கணக்கில்லாமல் கிடைக்கும். ஆனால் கண்காட்சிக்கு வருகிற விமானம் குளித்து முழுகி வந்திருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஜாகுவாருக்கு என் ஓட்டு சாட்டின்.

வெள்ளித்தாள் | திங்கள், காலை 7:30

ஜாகுவாருக்கு நான் மேட் பக்கம் சாய்ந்த சாட்டின் என்பேன். காரணம் அளவு. 1/72 மாடலை 30 செ.மீ. தள்ளி நின்று பார்த்தால் அசலை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிறமும் கொஞ்சம் வெளிறும், பளபளப்பும் கொஞ்சம் மங்கும். அசல் சாட்டின் என்றால் மாடல் ஒரு படி கீழே இருந்தால்தான் கண் ஏமாறாது.

எழுபத்திரண்டில்_ஒன்று | திங்கள், காலை 9:15

நிறம் வெளிறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பளபளப்பு மங்கும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. 20 மீட்டர் தள்ளி நிற்கிற ஏர் இந்தியா விமானம் மேட்டாகவா தெரிகிறது? கெம்பேகவுடா ஏர்போர்ட் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், அரை கிலோமீட்டரிலும் மின்னும்.

வெள்ளித்தாள் | திங்கள், காலை 9:50

மின்னுவது சூரியன். உங்கள் ஷெல்ஃபில் சூரியன் இல்லை, ட்யூப்லைட் இருக்கிறது. 1/72 இறக்கையில் முழுநீள ட்யூப்லைட் பிரதிபலித்தால் அசல் விமானத்தின் தலைக்கு மேலே எவ்வளவு நீளத்துக்கு ட்யூப்லைட் மாட்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி ட்யூப் கிட்டத்தட்ட 88 மீட்டர்.

தின்னர்_வாசம் | திங்கள், பகல் 1:20

ரெண்டு பேரும் சரிதான், பேசுவதுதான் வேறு வேறு விஷயம். பளபளப்பின் அளவு ஒன்று, பரப்பின் வழவழப்பு இன்னொன்று. மாடலில் பளபளப்பு பொம்மை மாதிரித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆரஞ்சுத் தோல். ஏர்பிரஷ்ஷைத் தூரத்தில் வைத்து அடித்தால், துளிகள் பாதி காய்ந்து வந்து விழுந்து சொரசொரப்பாகும். 0.1 மி.மீ. மேடு என்றால் அசல் விமானத்தில் 7 மி.மீ. மேடு. எந்த விமானத்தில் அப்படி இருக்கும்? ஒரு தூசி 0.2 மி.மீ. என்றால் அது இறக்கையில் கிடக்கிற கோலிக்குண்டு. பளபளப்பு எல்லாக் குற்றத்தையும் காட்டிக்கொடுக்கும், மேட் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால்தான் மேட் எல்லாருக்கும் பிடிக்கிறது.

பரப்பு தட்டையாக இருந்தால் முழுப் பளபளப்பும் நன்றாகத்தான் இருக்கும். ஹாக்குக்கு அதற்காகக் கொஞ்சம் உழைக்க வேண்டும். பளபளப்புக் கிளியர் நன்றாகக் காய விடுங்கள். டமியா எக்ஸ்-22 தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இளக்கமாக இருக்கும், ஒரு வாரம் விட்டால் நஷ்டம் இல்லை. அப்புறம் 2000 நம்பர் தண்ணீர் உப்புத்தாளில் லேசாக, ஓரங்களைத் தொடாமல் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட். கார் பெயின்ட் கடையில் கிடைக்கிற ரஃப் காம்பவுண்ட் வேண்டாம், ஃபைன் மட்டும். கடைசியில் மெழுகு வேண்டாம், மேலே வேறு எதுவும் ஒட்டாது.

காகிதப்பருந்து | திங்கள், இரவு 9:05

மிக்-21 பற்றி யாராவது?

வெள்ளித்தாள் | திங்கள், இரவு 10:30

என் தொகுதி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1963-ல் வந்து 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்ற விமானம். இவ்வளவு காலத்தில் எல்லா வேஷமும் போட்டிருக்கிறது, அதனால் எந்த வருஷத்து மிக் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வெறும் உலோகம் என்றால் பழைய எஃப்.எல். ரகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

மொத்த விமானத்தையும் ஒரே வெள்ளியில் அடித்தால் பொங்கல் பானைக்குப் பூசிய அலுமினியப் பெயின்ட் மாதிரிதான் இருக்கும். உலோகத் தகடுகள் எல்லாம் ஒரே உலோகம் இல்லை, ஒரே மெருகும் இல்லை. வால் பக்கம் எஞ்சினைச் சுற்றி இருக்கிற தகடுகள் சூட்டில் பழுத்துக் கருமையாக, லேசாகப் பழுப்பாகத் தெரியும். இறக்கை வேறு மாதிரி மின்னும். அதனால் அடிப்படை அலுமினியம் ஒன்று, அதை விட ஒரு படி கருத்தது ஒன்று, வெளிறியது ஒன்று என்று மூன்று வெள்ளி வைத்துக்கொண்டு, தகடு தகடாக டேப் ஒட்டி மாற்றி அடிக்க வேண்டும். மூக்குக் கூம்பும் வால் நுனியும் பச்சை. உள்ளே ரேடாரும் ஆன்டெனாவும் இருப்பதால் அவை உலோகம் இல்லை. காக்பிட்டுக்கு முன்னால் கண் கூசாமல் இருக்க மேட் கறுப்பு அடித்த விமானம் என்றால், அந்த மேட்டும் பக்கத்து உலோகமும் சேர்ந்து நிற்பதுதான் மாடலுக்கே உயிர்.

பெயின்ட் எது? அல்கிளாட் மாதிரி லாக்கர் மெட்டாலிக்குகளில் மெருகேறிய அலுமினியத்துக்கு அடியில் பளபளப்புக் கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் மேலே வருகிற உலோகம். சாம்பல் ப்ரைமர் மேல் அடித்தால் வெறும் சாம்பல் வெள்ளி. கறுப்பை நன்றாகக் காயவிட்டு, உலோகத்தைக் காற்றழுத்தம் குறைத்து மெல்லிசாகப் படியவிடுங்கள். நனைய அடித்தால் உலோகத் துகள் நீந்திப்போய் ஓரத்தில் சேரும். வாலெஹோவின் மெட்டல் கலர் வரிசை தண்ணீர் அடிப்படை, வாசனை குறைவு, ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அது வசதி. டமியாவின் ஏ.எஸ்-12 ஸ்ப்ரே டின்னைக் கப்பில் வடித்து ஏர்பிரஷ்ஷில் அடிப்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு விதிவிலக்கு, நான் முன்பு சொன்ன வரிசைக்கே. உலோகத்தின் மேல் கிளியர் அடிக்கத் தயங்குங்கள். பளபளப்புக் கிளியர் அடித்தால் உலோகம் போய்ச் சாம்பல் பெயின்ட் ஆகிவிடும், மேட் அடித்தால் கேட்கவே வேண்டாம். உலோகப் பரப்பு ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் டீக்காலை நேராகவே வைக்கலாம்.

சமையல் அலுமினிய ஃபாயிலைப் பசை தடவி ஒட்டுகிற பழைய வழியும் இருக்கிறது, என் பெயரே அதனால்தான். தகடு தகடாக வெட்டி, இழை ஓடும் திசையை மாற்றி மாற்றி ஒட்டினால் எந்தப் பெயின்டாலும் கொடுக்க முடியாத மின்னல் வரும். முதல் விமானத்துக்கு வேண்டாம்.

மெட்ராஸ்_ஹியூமிடிட்டி | செவ்வாய், காலை 6:50

கலக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஹம்பரால் 163 இல்லை, டமியா எக்ஸ்.எஃப்-81 இருக்கிறது. அது போதுமா, இல்லை கலந்து கிட்டே கொண்டுபோக வேண்டுமா?

தின்னர்_வாசம் | செவ்வாய், காலை 10:40

கலக்கலாம். பாட்டில் பெயரை நம்பாமல் கண்ணை நம்பினால் போதும்.

இலக்கு நிறம் என்று ஒன்று கையில் வேண்டும், நிற அட்டையோ, ஏற்கெனவே சரியாக அடித்த மாடலோ. போன் ஸ்கிரீன் இலக்கு இல்லை. எத்தனை சொட்டு எது என்று எழுதிக்கொண்டே கலக்குங்கள். கலந்ததை அட்டையில் தடவிப் பார்க்காதீர்கள். மாடலில் அடிக்கப்போகிற அதே ஏர்பிரஷ், அதே ப்ரைமர், அதே கடைசிக் கிளியர் எல்லாவற்றோடும் ஒரு ஸ்பூனில் அடித்து, காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். கார் பெயின்ட் கடையில் பாதி கறுப்பு பாதி வெள்ளை அட்டையில் அடித்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரிகிற வரை கோட் ஏறவில்லை என்று அர்த்தம்.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. ட்யூப்லைட்டில் பொருந்திய இரண்டு பச்சை வெயிலில் பிரிந்துவிடும். உள்ளே போட்ட நிறமிகள் வேறு வேறாக இருந்தால் அப்படித்தான். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் பாருங்கள். அப்புறம் மாடல் நிற்கப்போகிற ஷெல்ஃப் விளக்கில் ஒருமுறை பாருங்கள். ரெண்டிலும் பரவாயில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், ஜாகுவார் பச்சைக்கு எக்ஸ்.எஃப்-81 எடுத்து, அளவுக்காக இளஞ்சாம்பல் ரெண்டு சொட்டு கலந்து அடித்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அந்த பச்சை சாட்டினாகவும் பக்கத்துச் சாம்பல் மேட்டாகவும் நின்றால் வாசலில் நுழைகிறவனே கண்டுபிடிப்பான்.

எழுபத்திரண்டில்_ஒன்று | செவ்வாய், பகல் 12:05

இளஞ்சாம்பல் கலப்பதில் ஒரு சின்னத் திருத்தம். மேட் கிளியரே நிறத்தை வெளிறவைக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். இளஞ்சாம்பலும் கலந்து மேட்டும் அடித்தால் ரெண்டு தடவை வெளிறும். கடைசிக் கிளியர் போட்ட ஸ்பூனைப் பார்த்துவிட்டு, அப்புறம் தேவை என்றால் கலக்கலாம்.

தின்னர்_வாசம் | செவ்வாய், பகல் 12:20

சரியான பேச்சு. ஸ்பூன்தான் நீதிபதி.

காகிதப்பருந்து | செவ்வாய், இரவு 9:30

கடைசியாக ரெண்டு சந்தேகம். வீட்டில் பழைய ஹம்பரால் எனாமல் டின் சில இருக்கின்றன, இன்னும் உயிரோடு இருக்கின்றன. டமியா, மிஸ்டர் கலரோடு சேர்த்து ஒரே மாடலில் அடிக்கலாமா? ஹாக்கின் சிவப்பு, வெள்ளை இரண்டில் எதை முதலில் அடிப்பது?

பால்சா_பாலு | செவ்வாய், இரவு 9:55

காரமான பெயின்ட் கீழே, சாதுவானது மேலே. லாக்கர் அடியில் இருக்கலாம், அதன் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் போனால் சுருங்கி மாம்பழத்தோல் ஆகிவிடும்.

வெள்ளித்தாள் | செவ்வாய், இரவு 10:40

பாலு சொன்னது சரி. காய்ந்த எனாமல் மேல் தண்ணீர் அக்ரிலிக் போகலாம். டமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருக்கிறது, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கரைத்தும் அடிக்கலாம், நன்றாகக் காய்ந்த எனாமலை அது ஒன்றும் செய்யாது. வாலெஹோவில் மட்டும் ஆல்கஹால் ஊற்றிவிடாதீர்கள், கப்பிலேயே ரப்பர் மாதிரித் திரண்டு ஊசியை அடைத்துவிடும். அதற்கு அதன் தின்னர்தான்.

பழைய எனாமல் டின்னில் எண்ணெய் மேலே, கட்டி கீழே பிரிந்திருக்கும். மேட் எனாமல் என்றால் மேட் பொடி எல்லாம் அந்தக் கட்டியில்தான். குச்சியால் பத்து நிமிஷம் கிளறாமல் மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் மேட் என்று எழுதிய டின்னிலிருந்து பளபளப்பு வரும்.

ஹாக்குக்கு வெள்ளை முதலில். மொத்த விமானத்துக்கும் வெள்ளை ப்ரைமர், அதன் மேல் பளபளப்பு வெள்ளையை மெல்லிய கோட்களாக. வெள்ளை எளிதில் மூடாது, அவசரப்பட்டால் பேனல் கோடுகள் நிரம்பிவிடும். நன்றாகக் காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். டேப்பின் ஓரத்தில் முதலில் அதே வெள்ளையை ஒரு தூவல் தூவுங்கள், சந்து இருந்தால் வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும், சிவப்பு உள்ளே கசியாது. சிவப்புக்கு அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே தெரியும். சாம்பல் இருந்தால் செங்கல் நிறம், வெள்ளை இருந்தால் கொஞ்சம் வெளிறிய சிவப்பு, இளஞ்சிவப்பு அடித்தால் கொழுந்துவிட்டு எரிகிற சிவப்பு. சூர்யகிரணுக்கு இளஞ்சிவப்பு. டேப்பைப் பெயின்ட் முழுசாகக் காயும் முன்பே, மடக்கி, பின்னால் இழுத்து எடுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும், பளபளப்புக் கிளியர் அந்தப் படியை இன்னும் எடுத்துக் காட்டும்.

டயருக்கு மட்டும் மேட் கறுப்பு அடிக்காதீர்கள், அடர் சாம்பல் மேட் அடியுங்கள்.